என் கதை விமானம் நின்ற இடத்திலிருந்து எழும்புமா?

கேள்வி: இந்தியப் பெருங்கடலில் உள்ள ஒரு கற்பனைத் தீவு நாட்டின் கடற்படை, செங்குத்தாக எழும்பும் பல்பணிப் போர்விமானத்தை உருவாக்குவதாக நாவல் எழுதுகிறேன். வெறும் எடை 9 டன், ஒரே இன்ஜின், பின்னெரிப்பு (வெளியேறும் வாயுவில் மேலும் எரிபொருளை எரித்து விசை கூட்டுவது) இல்லாமல் 13 டன் உந்துவிசை, 4 டன் குண்டுகள். இது நம்பும்படி இருக்கிறதா? சோதனைகளை எந்த வரிசையில் எழுதுவது?

பதில்: இன்ஜினை நம்பலாம். செங்குத்தாக இறங்கும் அமெரிக்கப் போர்விமானமான எஃப்-35பி-யின் இன்ஜினும் பின்னெரிப்பு இல்லாமல் ஏறக்குறைய அவ்வளவுதான் தருகிறது. இடிப்பது அந்த 4 டன் குண்டுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 13 டன் என்பது கடல்மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில் கிடைக்கும் எண். உங்கள் தீவில் மதியம் 35 டிகிரி இருக்கும். சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு என்பதால் பத்தில் ஒரு பங்கு போனதாக வைத்தால் 11.7 டன். அந்தரத்தில் நிற்கும்போது இறக்கையின் மேல் காற்றோட்டம் இல்லை, வால் சுக்கானுக்கும் வேலை இல்லை. மூக்கு, வால், இறக்கை நுனிகளில் உள்ள துளைகள் வழியே இன்ஜினின் அழுத்தக் காற்றைப் பீய்ச்சித்தான் விமானத்தை நிமிர்த்தி வைக்க வேண்டும். தரையை நெருங்கும்போதோ, பாய்கிற தாரை வயிற்றுக்கடியில் அழுத்தத்தைக் குறைத்து விமானத்தைக் கீழே இழுக்கும். இரண்டுக்கும் 0.7 டன் கழியுங்கள்: 11. மேலே கிளம்ப 5 சதவீதம் உபரி வேண்டும்: சுமார் 10.5. இதில் வெறும் எடையும் விமானியும் போக மிஞ்சுவது 1.3 டன். எரிபொருள், ஆயுதம் எல்லாமே அதற்குள்தான்!

நிஜ விமானங்களும் இந்தக் கணக்கைத் தாண்டவில்லை. இதே வகைப் போர்விமானமான ஏவி-8பி ஹாரியர் நின்ற இடத்திலிருந்து எழும்பினால் மொத்த எடை சுமார் 9.4 டன், கொஞ்ச தூரம் ஓடி எழும்பினால் 14 டன். ஆகவே உங்கள் விமானம் ஓடி எழும்பட்டும், செங்குத்தாக இறங்கட்டும். கப்பலின் முன்முனையை மேல்நோக்கி வளைத்துவிட்டால் ஓட வேண்டிய தூரம் இன்னும் குறையும். 2017-இல் ஓய்வுபெற்ற இந்திய விமானந்தாங்கிக் கப்பல் ஐஎன்எஸ் விராட்டில் அந்த வளைவு 12 டிகிரியாக இருந்தது. வெறும் எடையையும் 7.5 டன்னுக்கு இறக்குங்கள். அப்போது வீசாத குண்டுகளில் கணிசமான பகுதியைக் கடலில் கொட்டாமல் கப்பலுக்கே கொண்டுவர முடியும். இறங்கும்போது தாங்கும் எடைதான் இந்த வகை விமானத்தின் உண்மையான எல்லை.

எஃப்-35பி மாதிரி தூக்குவிசிறி (காற்றைக் கீழ்நோக்கித் தள்ளி விமானத்தைத் தூக்கும் விசிறி) வைக்கலாமா? நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினால், அதே ஆற்றலில் அதிக விசை கிடைக்கும். அதனால்தான் சுமார் 29,000 குதிரைத்திறனை விசிறிக்குத் திருப்பி, அந்த விமானம் 18 டன்னுக்கு மேல் தூக்குகிறது. விலையும் உண்டு: விமானிக்குப் பின்னால் எரிபொருள் இருக்க வேண்டிய இடத்தை விசிறி பிடித்துக்கொள்கிறது, பறக்கும் நேரமெல்லாம் அது வீண்சுமை. சோவியத் யாக்-38 இறங்கவும் ஏறவும் மட்டுமே பயன்படும் இரண்டு தனி இன்ஜின்களைச் சுமந்தது. பிரான்சின் மிராஜ் 3வி எட்டு. சிறிய நாட்டுக்குப் ஹாரியரில் உள்ள பெகாசஸ் இன்ஜின் பாணியில், வெளியேற்றத்தைக் கீழேயும் பின்னேயும் திருப்பும் நான்கு முனைகளே ஏற்றவை என்பேன். ஒலிவேகத்தைத் தாண்டும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள்.

வரிசைக்கு ஹாரியரின் முன்னோடியான பி.1127-ஐப் பின்பற்றுங்கள். 1960 அக்டோபர் 21-இல் இங்கிலாந்தின் டன்ஸ்ஃபோல்டில் கயிறு கட்டி அந்தரத்தில் நிறுத்தினார்கள். விமானி பில் பெட்ஃபோர்டின் காலில் அப்போது மாவுக்கட்டு. ‘கயிறு கட்டிய பறத்தலுக்கு மட்டும்’ என்றுதான் மருத்துவச் சான்று. நவம்பரில் கயிறில்லாமல் நின்றது. 1961 மார்ச்சில் ஓடுதளத்தில் ஓடி வழக்கம்போல் பறந்தது. செப்டம்பரில்தான் நிற்பதிலிருந்து பறப்பதற்கும், பறப்பதிலிருந்து நிற்பதற்கும் முழுமையாக மாறியது. அதிலிருந்து வளர்ந்த ஹாரியர் படையில் சேர்ந்தது 1969-இல். நாவலில் இரண்டே வருடத்தில் முடித்துவிடாதீர்கள்.

முதல் சோதனைகளை, குழியின் மேல் போட்ட இரும்புக் கிராதியில் நடத்துங்கள். கெட்டித் தரையில் சூடான வெளியேற்றம் மோதித் திரும்பி இன்ஜின் வாய்க்குள் புகுந்துவிடும்; விசை சட்டென்று விழும், விமானம் தொப்பென்று உட்காரும். சிறு மாதிரிகளின் முடிவையும் அப்படியே நம்பக் கூடாது. அமெரிக்காவின் எக்ஸ்எஃப்வி-12, இறக்கை வழியே காற்றைச் செலுத்தி உந்துவிசையை 55 சதவீதம் கூட்ட நினைத்தது. முழு அளவில் கிடைத்தது 19 சதவீதம். 1978-இல் கயிறு கட்டிச் சோதித்தபோது தன் எடையில் முக்கால் பங்கைத்தான் அதனால் தூக்க முடிந்தது.

கதையில் ஒரு விபத்து வேண்டுமென்றால் அதை, நிற்பதற்கும் பறப்பதற்கும் இடையே விமானம் மாறும் கட்டத்தில் வையுங்கள். வேகம் குறைந்திருக்கும்போது பக்கவாட்டில் காற்று அடித்தால், ஒரு பக்க இறக்கை தூக்கிக்கொள்ளும். துளைகளின் பீய்ச்சலுக்கு அதை மடக்கும் வலு போதாது, விமானம் கவிழ்ந்துவிடும். ஹாரியர் விமானியின் முகப்புக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு சிறு காற்றுக்காட்டி நிற்பது இதற்காகத்தான். மூக்கு காற்றை நேராகப் பார்க்கிறதா என்று அதைப் பார்த்துக்கொண்டேதான் அவர் வேகத்தைக் குறைப்பார்.