பெண்களில் மட்டும் எல்லை தாண்டினால் மருந்துகள் சமமல்ல என்று எழுதலாமா?

குடியாத்தத்திலிருந்து முதுநிலை மருத்துவ மாணவி ஒருவர் கேட்கிறார்: "இரண்டு சர்க்கரை மாத்திரைகள் சமமா என்று 400 பேரிடம் ஆய்வு செய்தோம். எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) அளவில் புதியதற்கும் பழையதற்கும் உள்ள வேறுபாடு இருபுறமும் 0.3-க்குள் அடங்கினால் சமம் என்று முன்கூட்டியே வகுத்திருந்தோம். மொத்தத்தில் 95 சதவீத நம்பக இடைவெளி (உண்மையான வேறுபாடு இருக்கக்கூடிய வரம்பு) −0.13 முதல் 0.26. ஆண்கள் 240 பேரில் −0.27 முதல் 0.23, பெண்கள் 160 பேரில் −0.11 முதல் 0.51. பெண்களுக்குச் சமமல்ல என்று ஆய்வேட்டில் எழுதலாமா?"

எழுதக் கூடாது. பெண்களின் இடைவெளி 0.3-ஐத் தாண்டுவது உண்மைதான் என்றாலும், அதற்குள் பூஜ்யமும் அடங்கியிருப்பதால், அவர்களிடம் சமத்தன்மையும் நிறுவப்படவில்லை, சமமின்மையும் நிறுவப்படவில்லை. 400 பேரை எண்ணித் திட்டமிட்ட ஆய்விலிருந்து 160 பேரைப் பிரித்தெடுத்தால் இடைவெளி அகலத்தான் செய்யும்.

ஆண்களுக்கொரு முடிவும் பெண்களுக்கொரு முடிவும் கண்டு, அவ்விரு முடிவுகளை ஒப்பிடுவதில்தான் பிழை நேர்கிறது. இடைவெளிகளின் நடுப்புள்ளிப்படி பெண்களிடம் வேறுபாடு 0.20, ஆண்களிடம் −0.02, இவற்றுக்கு இடையேயுள்ள 0.22-ஐ நேரடியாகச் சோதிப்பதே இடைவினைச் சோதனை (மருந்தின் விளைவு பாலினத்தைப் பொறுத்து மாறுவதே இங்கு இடைவினை). உங்கள் எண்களைக் கொண்டு கணக்கிட்டேன்: நம்பக இடைவெளி −0.18 முதல் 0.62, பி-மதிப்பு (உண்மையில் மாற்றமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவோ இதற்கு மேலோ வேறுபாடு வரும் வாய்ப்பு) சுமார் 0.28. அதாவது இருபாலாரிடையே விளைவு மாறுகிறது என்பது நிறுவப்படவில்லை.

இதைக் கண்டதும் 'இருபாலாரிடமும் மருந்து ஒன்றுபோலவே வேலை செய்கிறது' என்று எழுதிவிடாதீர்கள். பி-மதிப்பு 0.05-ஐத் தாண்டுவது சமத்தன்மைக்குச் சான்றாகாது என்பதால்தானே தொடக்கத்திலேயே எல்லை வகுத்தீர்கள்? மொத்த விளைவின் அளவுக்கே உள்ள இடைவினையைப் பிடிக்க ஏறத்தாழ நான்கு மடங்கு நோயாளிகள் வேண்டும். உங்கள் ஆய்வுக்கு அந்த வலு இல்லை.

பாலினத்தை உட்குழுவாக ஆய்வுத் திட்டத்திலேயே குறித்திருந்தீர்களா என்பதையும் சொல்லுங்கள். உங்கள் ஊரில் பெண்கள் பலர் நாள் முழுதும் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவர்கள். முடிவைப் பார்த்தபின் அதையே காரணமாகக் காட்டுவது எளிது, அந்த எளிமையே எனக்கு அச்சம் தருகிறது. 17,187 மாரடைப்பு நோயாளிகளைக் கொண்ட ஐசிஸ்-2 ஆய்வில் ஆஸ்பிரின் உயிர்காத்தது ஐயமின்றித் தெரிந்தது. ஆயினும் ராசிவாரியாகப் பிரித்தபோது மிதுனத்துக்கும் துலாத்துக்கும் மட்டும் பலனில்லை என்று வந்ததை, எச்சரிக்கையாகவே அதன் ஆசிரியர்கள் 1988-இல் அச்சிட்டார்கள்.

ஆகவே இரு உட்குழுக்களின் மதிப்பீடுகளையும் இடைவினையின் இடைவெளியையும் அப்படியே அட்டவணையில் தந்து, 'பெண்களிடம் சமத்தன்மையை உறுதிசெய்ய இவ்வாய்வு போதவில்லை' என்று எழுதுங்கள். மாத்திரையைப் பாதியில் விட்டவர்களை நீக்கி, நெறிமுறைப்படி முடித்தவர்களிடமும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். விட்டவர்களையும் சேர்த்தே கணக்கிடும்போது இரு மருந்துகளும் உள்ளதைவிட நெருக்கமாகத் தோன்றக்கூடும்.