வாசகர் கேள்வி: குளிராத பீரில் என்ன சுவை?

கேள்வி: வேலை நிமித்தமாக இங்கிலாந்தின் பான்பரிக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. உள்ளூர் ஆலையின் ‘ரியல் ஏல்’ என்று நண்பர்கள் பெருமையாக வாங்கிக் கொடுத்த பீரில் குளிர்ச்சியும் இல்லை, நுரையும் இல்லை. பழையதை ஊற்றிவிட்டார்களா?
— வாசகர், பான்பரி

பதில்: இல்லை. நீங்கள் குடித்தது, நொதிப்பு இன்னும் அடங்காத பீர். வழக்கமான பீரை ஆலையிலேயே வடிகட்டி, ஈஸ்டை நீக்கி, கரியமில வாயுவை ஏற்றி அனுப்புகிறார்கள். ரியல் ஏலோ ஈஸ்டுடனேயே பீப்பாய்க்குப் போய், மிச்சமிருக்கும் சர்க்கரையில் இரண்டாம் முறை நொதிக்கிறது. அப்போது பிறக்கும் வாயு மட்டுமே அதற்குப் போதும் என்பதால் குமிழி மென்மையாகத்தான் இருக்கும். இந்த முறை அழிந்துவிடக் கூடாது என்றுதான் 1971-இல் காம்ரா என்ற நுகர்வோர் இயக்கம் தொடங்கியது.

ஒரு பப்பின் நிலவறையில் இந்த வேலையை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். படுக்கவைத்த பீப்பாயின் மேல்துளையில் நுண்துளைகள் கொண்ட சிறிய மரமுளையை அடித்ததும், ‘உஸ்’ என்ற ஓசையோடு அதன் தலையில் நுரை பூத்தது. பணியாளர் அதைத் துடைத்துவிட்டு, மீண்டும் பூக்கிறதா என்று காத்திருந்தார். நுரை அடங்கிய பிறகே, காற்றுப் புகாத கெட்டி முளையை மாற்றினார். இந்தப் பொறுமை இல்லாவிட்டால், ஆலை எவ்வளவு அருமையாகக் காய்ச்சி அனுப்பினாலும் பயனில்லை.

11 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரையிலான நிலவறைக் குளிர்ச்சியே இதற்கு ஏற்றது. அதற்கும் கீழே போனால் நாக்கு மரத்து, முளைகட்டிய பார்லியின் இனிப்பும் ஹாப் பூவின் மணமும் கசப்பும் தெரியாமல் போய்விடும். நுரையின் அளவு ஊருக்கு ஊர் வேறுபடும். வட இங்கிலாந்தில், பீப்பாயிலிருந்து பீரை இழுத்து ஊற்றும் கைப்பம்பின் முனையில் சல்லடை போன்ற மூடியைப் பொருத்தி, நுரை ததும்ப ஊற்றுவார்கள். தெற்கே பெரும்பாலும் அது கிடையாது.

பான்பரியில் இருக்கும் உங்களுக்குப் பக்கத்திலேயே, 1849-இல் தொடங்கிய ஹுக் நார்ட்டன் ஆலை இருக்கிறது. மூலப்பொருள்களை உச்சி மாடிக்கு ஏற்றி, மாடி மாடியாகக் கீழே இறங்க இறங்கக் காய்ச்சும்படி கட்டிய கோபுர ஆலை அது. குதிரை வண்டியில் பீப்பாய் அனுப்பும் வழக்கத்தையும் விடாமல் காத்துவருகிறது. அவசியம் போய்ப் பாருங்கள்.

ஒன்பது கேலன் பீப்பாயில் 72 பைன்ட் இருக்கும். ஊற்ற ஊற்ற உள்ளே காற்றுப் புகுவதால், திறந்த மூன்று நாள்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். ஆகவே ஏல் வேகமாக விற்கும் பப்பாகத் தேடிப் போங்கள். முதலில் ஒரு வாய் சுவைபார்க்கக் கேட்கலாம், யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். காடியைப் போலப் புளித்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: ரியல் ஏல் சைவமா?
— வாசகி, ஆக்ஸ்போர்டு

பதில்: எல்லாம் சைவம் அல்ல. ஈஸ்ட் அடியில் படிந்து பீர் தெளிவதற்காக, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருளைப் பீப்பாயில் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். பாம்பன் மீனவர்கள் நெட்டி என்று சொல்வார்களே, அதுதான். அது சேராத ஏல் சற்றுக் கலங்கலாக இருக்கலாம், ஆனால் அது குறையன்று. இப்போது பல சிறிய ஆலைகள் அதைத் தவிர்க்கின்றன. கண்ணாடிக் குவளையைப் பார்த்து முடிவு செய்யாமல், வாங்கும் முன் பணியாளரிடம் கேட்டுவிடுங்கள்.