எட்டுத் தந்தி, வி வடிவம்: விற்பதா, வைத்துக்கொள்வதா?

வாசகர் கேள்வி:

சில வருடங்களாக ஆறு தந்தி எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். நீண்ட நாள் ஆசைப்பட்டு, வி வடிவத்தில் எட்டுத் தந்தி உள்ள கிட்டார் ஒன்று வாங்கினேன். 27 அங்குல ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்). உட்கார்ந்து வாசித்தால் தொடையிலிருந்து வழுக்குகிறது. நின்றால் தலைப்பகுதி தரையை நோக்கி இறங்குகிறது. அரை மணி நேரத்தில் இடது மணிக்கட்டு வலிக்கிறது. என் கை வேறு சின்னது. தடித்த தந்திகளில் கார்டு பிடித்தால் ஒரே இரைச்சலாகக் கேட்கிறது. பாஸ் வாசிக்கும் நண்பர், "என் இடத்துக்கு நீ ஏன் வர்றே?" என்கிறார். மற்றவர்கள், "அது சுவரில் மாட்டத்தான் லாயக்கு, வித்துடு" என்கிறார்கள். அடுத்த மாதம் மேடை நிகழ்ச்சி இருக்கிறது. விற்றுவிட்டு ஆறு தந்திக்கே திரும்பிவிடவா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விற்காதீர்கள். குறைந்தது இப்போதைக்கு விற்காதீர்கள். மணிக்கட்டு வலி, இரைச்சல் இரண்டும் ஒரே கிட்டாரிலிருந்து வருவதால் உங்களுக்கு ஒரே குறையாகத் தெரிகின்றன. உண்மையில் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. வலி வடிவத்தால் வருகிறது. அதைச் சீக்கிரமே சரிசெய்துவிடலாம். இரைச்சல் அந்த இரண்டு கூடுதல் தந்திகளால் வருகிறது. அதற்குக் கொஞ்ச காலம் ஆகும், ஏனென்றால் அங்கே மாற வேண்டியது நீங்கள் வாசிக்கும் விதம்.

முதலில் ஒரு சோதனை. கிட்டாரை மாட்டிக்கொண்டு நில்லுங்கள். வழக்கமாக வாசிக்கும் கோணத்தில் நெக்கை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் எடுத்துவிடுங்கள். தலைப்பகுதி கீழே போகிறது என்றால், நீங்கள் வாசிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இடது கை இரண்டு வேலை செய்துகொண்டிருக்கிறது: சுரம் பிடிப்பது ஒன்று, நெக்கைத் தூக்கிப் பிடிப்பது இன்னொன்று. உங்கள் வலியில் பெரும்பங்கு அந்த இரண்டாவது வேலையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

காரணம் எளிது. ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) போன்ற வடிவங்களில் மேல் கொம்பு கிட்டத்தட்ட பன்னிரண்டாம் ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை நீண்டிருக்கும். ஸ்ட்ராப்பின் முன்முனையை அந்தக் கொம்பின் நுனியில் மாட்டுகிறோம். வி வடிவத்துக்கு அந்தக் கொம்பே கிடையாது. பெரும்பாலும் நெக் உடம்போடு சேரும் இடத்தருகே மாட்ட வேண்டியிருக்கிறது. ஆக, தாங்கும் புள்ளி உடம்புப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. எட்டு ட்யூனர்களின் (சுருதி சேர்க்கும் முறுக்காணிகளின்) எடையோ நீண்ட நெக்கின் மறு கோடியில் இருக்கிறது. சீசாவில் ஒரு பக்கம் மட்டும் பலகை நீளமாக இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். கிட்டார் வடிவமைப்பாளர் நெட் ஸ்டெய்ன்பெர்கர் 1980 வாக்கில் தலைப்பகுதியே இல்லாத பாஸ் கிட்டாரைக் கொண்டுவந்தார். இன்று ஏழு, எட்டுத் தந்திக் கிட்டார் செய்யும் பலர் அந்த வழியில் போவதற்கு இந்த எடைக் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

உங்கள் கிட்டாருக்குத் தலை இருக்கிறது, அதை வெட்ட முடியாது. சரி, என்ன செய்யலாம்? வழவழப்பான நைலான் ஸ்ட்ராப்பை மாற்றுங்கள். உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கும் அகலமான தோல் ஸ்ட்ராப் போடுங்கள். அது தோளில் பிடித்து நிற்கும். பலருக்கு இதுவே போதும். போதவில்லை என்றால் எடை குறைந்த ட்யூனர்கள் மாற்றலாம். கோடியில் குறைக்கிற சில கிராம்கூட நன்றாகவே தெரியும். ஸ்ட்ராப் பட்டனின் இடத்தை மாற்றுவதும் ஒரு வழி, ஆனால் மரத்தில் துளை போடும் வேலை அது. கிட்டார் பழுதுபார்க்கத் தெரிந்தவர் கையில் கொடுங்கள், நீங்களாகத் துளைக்க வேண்டாம்.

உட்கார்ந்து வாசிப்பதற்கு வருவோம். கிப்சன் நிறுவனம் 1958-இல் ஃப்ளையிங் வி கிட்டாரை வெளியிட்டபோதே அது தொடையில் வழுக்கும் என்று தெரிந்திருந்தது. அதனால்தான் அந்த முதல் கிட்டார்களின் கீழ்ச் சிறகின் விளிம்பில் ரப்பர் பட்டை ஒன்று ஒட்டியிருந்தார்கள். அந்த வடிவம் முதலில் விற்கவே இல்லை. 1958, 59 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து நூற்றுக்கும் குறைவாகவே வெளியே போயின. ஆனால் ஆல்பர்ட் கிங் அதைத்தான் தன் வாத்தியமாக வைத்துக்கொண்டார், அவர் ப்ளூஸ் வாசித்ததைக் கேட்ட பிறகு அந்த வடிவத்தை யாரும் அலங்காரப் பொருள் என்று சொல்ல முடியவில்லை. உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

மற்ற கிட்டார் மாதிரி வலது தொடை மேல் இதைக் கிடத்தாதீர்கள். இரண்டு சிறகுகளுக்கும் நடுவே வலது தொடை வரட்டும், கீழ்ச் சிறகு இரண்டு கால்களுக்கு நடுவே இறங்கட்டும். நெக் தானாக மேல்நோக்கிச் சாயும், கிளாசிக்கல் கிட்டார் வாசிப்பவர்கள் பிடிக்கிற கோணத்துக்குக் கிட்டே வரும். அந்தக் கோணத்தில் மணிக்கட்டு மடங்காமல் நேராக நிற்கும். சொல்லப்போனால், உட்கார்ந்து வாசிக்க வி வடிவம் மோசம் என்று பொதுவாகச் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. எட்டுத் தந்திக்கு இதைவிட நல்ல கோணத்தை வேறு வடிவங்கள் தானாகத் தருவதில்லை. நிற்கும்போதும் ஸ்ட்ராப்பைச் சுருக்கி, உட்கார்ந்து வாசிக்கும் அதே உயரத்துக்குக் கிட்டாரைக் கொண்டுவாருங்கள். இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு வாசித்தால் பார்க்க நன்றாக இருக்கும். அகலமான நெக்கில் மணிக்கட்டு அதைப் பொறுக்காது.

கை சின்னது என்கிறீர்கள். ஆறு தந்தி எலக்ட்ரிக் கிட்டாரின் நட் (தலைப்பகுதிக்கு அருகே தந்திகள் பதியும் சிறு கட்டை) அகலம் சுமார் 42 அல்லது 43 மில்லிமீட்டர்; எட்டுத் தந்தியில் 54, 55 வரை போகும். பெரிய வித்தியாசம்தான். ஆனால் முழு அளவு கிளாசிக்கல் கிட்டாரின் நட் அகலம் 52 மில்லிமீட்டர். சின்னக் கை உள்ளவர்கள் எத்தனையோ பேர் அதை அழகாக வாசிக்கிறார்கள். அவர்கள் கட்டைவிரலை நெக்கின் மேல் விளிம்பைத் தாண்டித் தொங்கவிடுவதில்லை. பின்புறம் நடுவில் வைத்துக்கொள்கிறார்கள். நீங்களும் அதைப் பழக வேண்டும். 27 அங்குல ஸ்கேலில் முதல் ஃப்ரெட்டின் இடைவெளி, பல ஆறு தந்திக் கிட்டார்களில் இருக்கும் 25.5 அங்குல ஸ்கேலைவிட சுமார் 2 மில்லிமீட்டர்தான் அதிகம். முதல் நான்கு ஃப்ரெட்களில் அகலமாக விரிக்கும் பயிற்சிகளை மட்டும் சில வாரம் தள்ளிவையுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: விரல் மரத்துப்போவது, ஊசி குத்துவது போன்ற உணர்வு, கிட்டாரை வைத்த பிறகும் நீடிக்கும் வலி இவற்றில் ஏதாவது இருந்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அதைப் பயிற்சியால் கடக்கப் பார்க்கக் கூடாது.

இனி அந்த இரைச்சல். உங்கள் எட்டாம் தந்தி வழக்கமான ட்யூனிங்கில் எஃப் ஷார்ப். அதன் அதிர்வெண் சுமார் 46 ஹெர்ட்ஸ். நான்கு தந்தி பாஸ் கிட்டாரின் கடைசி இ தந்தி 41 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் நடுவே ஒரு முழுச் சுரம்தான் வித்தியாசம். பாஸ் கிட்டார் அந்தச் சுரத்தைப் பெரும்பாலும் 34 அங்குல நீளத்தில் எழுப்புகிறது. நீங்கள் 27 அங்குலத்தில் எழுப்புகிறீர்கள். 25.5-லிருந்து 27-க்குப் போனதால் அதே தந்திக்கு அதே சுருதியில் சுமார் 12 சதவீதம் இழுவிசை கூடியிருக்கிறது. உதவிதான், ஆனாலும் அது தளர்ந்த, தடித்த தந்தியே. ஓங்கி அடித்தால் சுருதி சட்டென்று ஏறி, பிறகு இறங்கி நிற்கும். ஆறு தந்தியில் பழகிய வேகத்தில் அதை அடித்தால் எப்போதும் சுருதி விலகியே கேட்கும். பிக்கை இறுகப் பிடியுங்கள், ஆனால் மெதுவாக அடியுங்கள். சத்தத்தை ஆம்ப் (ஒலிபெருக்கி) பார்த்துக்கொள்ளும்.

ஆம்பில் எல்லோரும் முதலில் செய்வது பாஸ் குமிழைக் கூட்டுவது. நீங்கள் குறையுங்கள். 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் 46 ஹெர்ட்ஸை உருப்படியாகத் தருவதில்லை. உங்கள் காதில் விழுவது பெரும்பாலும் அதன் மேல் ஒலிகள், 92, 139 ஹெர்ட்ஸ் பகுதியில் இருப்பவை. அவற்றை வைத்து மனித மூளை அடிச் சுரத்தைத் தானே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. ஆகவே பாஸைக் கூட்டினால் ஆழம் வராது, குழப்பம்தான் கூடும். டிஸ்டார்ஷனுக்கு (ஒலியைக் கரகரப்பாக்கும் அமைப்பு) முன்னால் ஒரு ஓவர்டிரைவ் பெடல் போட்டு, அதன் டிரைவைக் குறைத்து, லெவலைக் கூட்டிப் பாருங்கள். டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல்கள் அடிப்பகுதியைக் கொஞ்சம் வெட்டிவிட்டுத்தான் அனுப்பும். இங்கே நமக்குத் தேவையே அதுதான். கெயினையும் (கரகரப்பின் அளவையும்) ஆறு தந்திக்கு வைப்பதைவிடக் குறைவாக வையுங்கள்.

அப்புறம் கார்டு. தடித்த தந்திகளில் மூலச்சுரத்தோடு மூன்றாம் சுரத்தைப் பக்கத்திலேயே சேர்த்தால் எந்த ஆம்பிலும் குழம்பும், ஏனென்றால் அவ்வளவு தாழ்ந்த இடத்தில் இரண்டு சுரங்களுக்கும் நடுவே சில ஹெர்ட்ஸ்தான் இருக்கும். அங்கே ஒற்றைச் சுரம், அல்லது மூலச்சுரமும் ஐந்தாம் சுரமும், அவ்வளவே. மூன்றாம் சுரம் வேண்டுமா? அதை ஒரு ஸ்தாயி மேலே தூக்கிவிடுங்கள். இப்போதே முயன்று பாருங்கள்: டிஸ்டார்ஷன் இல்லாமல், விரல்களால், எட்டாம் தந்தியைத் திறந்தபடி, ஐந்தாம் தந்தியில் முதல் ஃப்ரெட், இரண்டாம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட். எஃப் ஷார்ப் மேஜர். நடுவில் உள்ளவற்றைத் தொடவே வேண்டாம். ஆறு தந்திக் கிட்டாரில் இந்த ஆழத்தை நீங்கள் கேட்டே இருக்க முடியாது. இந்தக் கிட்டார் எதற்கு என்று யாராவது கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்த ஒரு கார்டைத்தான்.

கூடுதல் தந்திகளோடு பெயர் வாங்கியவர்கள் எல்லோரும் அவற்றுக்கென்று ஒரு வேலை வைத்திருந்தார்கள். ஜாஸ் கலைஞர் ஜார்ஜ் வான் எப்ஸ் 1930-களின் இறுதியிலேயே ஏழு தந்திக் கிட்டார் செய்யச் சொல்லி வாங்கினார். மேலே கார்டு, கீழே தன் பாஸ் வரி, இரண்டையும் ஒருவரே வாசிப்பதற்கு. ஜாஸ் கிட்டார் கலைஞர் சார்லி ஹன்டர் பல ஆண்டுகள் வாசித்த எட்டுத் தந்தி ரால்ஃப் நோவாக் செய்தது. விசிறி போலச் சாய்ந்த ஃப்ரெட்கள் கொண்டது, பாஸ் தந்திகளின் ஒலியும் கிட்டார் தந்திகளின் ஒலியும் தனித்தனியே வெளியே போகும். மெஷுகா என்ற மெட்டல் இசைக் குழு அந்தத் தாழ்ந்த தந்தியைக் கிட்டத்தட்ட ஒரு தாள வாத்தியமாக்கியது. கிட்டார் கலைஞர் டோசின் அபாசி கட்டைவிரலால் அடித்து, பாஸ் கிட்டார் உத்தியை அதற்குள் கொண்டுவந்தார். ஒருவர் வாசிப்பது இன்னொருவர் வாசிப்பதைப் போலவே இருக்காது. ஆறு தந்தியில் வாசித்த அதே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துணுக்கை) எட்டாம் தந்திக்கு இறக்கி வாசிப்பதை மட்டும் இவர்கள் யாரும் செய்யவில்லை.

உங்கள் பாஸ் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர் வாசிக்கும் இடத்துக்குத்தான் நீங்கள் இறங்குகிறீர்கள். அவரோடு சண்டை போடாமல் உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் எட்டாம் தந்தியில் இருக்கும் பகுதிகளில் அவர் அதே சுரத்தை, அதே ஸ்தாயியில் உங்களோடு சேர்ந்து வாசிக்கட்டும். அடி ஒலியை அவர் பார்த்துக்கொள்வார். உங்கள் கிட்டார் அதன் மேல் உரசலையும் தெளிவையும் தரும். நீங்கள் பாஸைக் குறைத்திருப்பது இங்கேயும் பலன் தரும். வேறு பகுதிகளில் அவர் மேலே ஏறி மெலடி வாசிக்க, நீங்கள் அடியைத் தாங்கலாம். பாஸ் வாசிப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை. அவர் மகிழ்வார் என்றே நினைக்கிறேன்.

வாசிக்காத தந்திகள் தானாக அதிர்வதும் உங்கள் இரைச்சலில் ஒரு பங்கு. மெல்லிய தந்திகளில் லீட் (தனி மெலடி) வாசிக்கும்போது வலது உள்ளங்கையின் ஓரம் தடித்த தந்திகள் மேல் படிந்தே இருக்கட்டும். இடது சுட்டுவிரலின் நுனி, பிடித்திருக்கும் தந்திக்கு அடுத்த தடித்த தந்தியை லேசாகத் தொடட்டும். நாய்ஸ் கேட் பெடல் அமைதியான இடங்களை மட்டுமே சுத்தம் செய்யும், வாசிக்கும்போது கலந்துவிட்ட ஒலியை அது பிரிக்காது.

சின்னச் சின்ன விஷயங்கள்: வி வடிவத்துக்கு அளவெடுத்த பெட்டியே வாங்குங்கள், சாதாரணப் பையில் சிறகு நுனி அடிபடும். எட்டாம் தந்தியில் உதிரி ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும், அவசரத்துக்கு எல்லா இடத்திலும் கிடைக்காது.

இவ்வளவும் செய்த பிறகு, நீங்களாக உருவாக்கிய ஐந்தாறு துணுக்குகளைப் பதிவு செய்து கேளுங்கள். எட்டாம் தந்தி அவற்றில் வரவே இல்லை என்றால், ஏழு தந்தி உங்களுக்குப் போதும். ஏழாம் தந்தியும் வரவில்லை, ஆனால் அந்த வடிவத்தைத் தோளில் மாட்டும்போது வரும் சந்தோஷம் மட்டும் நிஜம் என்றால், ஆறு தந்தி வி ஒன்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கையில் எடுக்கத் தூண்டாத கிட்டாரை யாரும் நன்றாக வாசித்ததில்லை.

அடுத்த மாத மேடைக்கு உங்கள் ஆறு தந்தியையே கொண்டுபோங்கள். மணிக்கட்டு சரியாகி, கிட்டாரும் தோளில் நிலையாக நின்றால், ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் எட்டுத் தந்தியை எடுங்கள். அந்தப் பாட்டை இப்போதே பாஸ் நண்பரோடு சேர்ந்து தேர்ந்தெடுத்துவிடுங்கள்.