மூக்கால் மூச்சு, மலையில் ஓட்டம்: பயிற்றுநரிடம் கேளுங்கள்

ஹட்டன் மாணவர்: மரதனுக்குப் பயிற்சி எடுக்கிறேன் சேர். வாயைத் திறக்கவே கூடாது என்கிறார் மாஸ்டர். தேயிலை மலை ஏற்றத்தில் முடியவில்லை.

முடியாதுதான் தம்பி. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லீற்றர் காற்று போதும். 35, 40 லீற்றரைத் தாண்டினால் பெரும்பாலானோருக்கு வாய் தானாகத் திறந்துவிடும். செங்குத்து ஏற்றத்தில் 80 லீற்றருக்கு மேலும் தேவைப்படும். ஏற்றத்திலும் போட்டி நாளிலும் வாயும் மூக்கும் சேர்ந்தே இழுக்கட்டும்.

மூக்குப் பயிற்சிக்கு மட்டமான பாதைதான் சரி. 10 நிமிடம் வாயை மூடி நடங்கள். பிறகு 2 நிமிடம் மெதுவோட்டம், 1 நிமிடம் நடை, இப்படி ஆறு தடவை. மூச்சு முட்டினால் வேகத்தை விட்டு நடைக்கு இறங்குங்கள். வாரத்தில் மூன்று நாள் போதும். பலர் பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டு வாயை மட்டும் மூடுகிறார்கள். காபனீரொட்சைட்டு தேங்கி, தலை கனத்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சிழுப்பதுதான் மிச்சம்.

நுவரெலியா வாசகி: கொழும்பில் மூக்காலேயே கிலோமீற்றரை 7 நிமிடத்தில் ஓடினேன். இங்கே வரவில்லையே?

உங்கள் ஊர் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்துக்கு இன்னும் அதிகக் காற்றை இழுக்க வேண்டும். கிரகரி வாவியோரம் மட்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கைக்கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். மூக்கு தாங்கும் வேகமே இப்போதைக்கு உங்கள் வேகம்.

நானுஓயா: தை மாத விடியலில் ஓடி முடித்ததும் வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம்.

குளிர்ந்த உலர் காற்று வாய்வழியே நேரே இறங்கினால் மூச்சுக்குழாய் சுருங்கலாம். மூக்கு அதைச் சூடாக்கி ஈரமாக்கி அனுப்பும். மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடி, முதல் 15 நிமிடம் மெதுவாகப் போங்கள். அப்படியும் இருமினால், அல்லது மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்டால், வைத்தியரிடம் காட்டுங்கள். ஆஸ்மா மருந்து பாவிப்பவர்கள் மூக்கு மூச்சை நம்பி அதை நிறுத்தவே வேண்டாம்.

பண்டாரவளை: எப்போதும் ஒரு பக்கம் அடைப்பு. மூக்குச் சொட்டு மருந்து விடலாமா?

சில மணி நேரத்துக்கு ஒருமுறை அடைப்பு பக்கம் மாறினால் அது இயல்பு. எந்நேரமும் ஒரே பக்கம் என்றால் இரு துவாரங்களையும் பிரிக்கும் மூக்கின் நடுத்தண்டு வளைந்திருக்கலாம். காது, மூக்கு, தொண்டை வைத்தியரைப் பாருங்கள். அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் விட்டால் அதுவே அடைப்பை வளர்க்கும். கொதித்தாறிய நீர் ஒரு கோப்பையில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு மூக்கைக் கழுவலாம். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் மூக்கில் விட வேண்டாம்.

பதுளை: ஓடும்போது மூக்கு ஒழுகுகிறது. தடிமன் இல்லை.

குளிரில் அப்படித்தான். மணிக்கட்டில் கைக்குட்டை கட்டிக்கொள்ளுங்கள். சிந்தும்போது ஒரு துவாரத்தை மட்டும் அழுத்துங்கள். இரண்டையும் பிடித்துச் சிந்தினால் காது அடைக்கும்.