பாதிரியாரின் மண் கழிப்பறை நம் தோட்டத்துக்கு ஒத்துவருமா?

கேள்வி: ஊருக்கு வெளியே தோட்டத்தில் நாலு பேர் குடியிருக்கிறோம். கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு. செப்டிக் டேங்க் போட்டால் கிணறு கெட்டுவிடுமோ என்று பயம். தண்ணீருக்குப் பதில் மண்ணைக் கொட்டும் கழிப்பறையை ஓர் இங்கிலாந்துப் பாதிரியார் கண்டுபிடித்ததாகப் படித்தேன். அதைக் கட்டலாமா?

பதில்: கட்டலாம். ஆனால் அவர் கட்டியது போலவே கட்டக்கூடாது.

நீங்கள் படித்தது ஹென்றி மோல் என்பவரைப் பற்றி. 1829 முதல் 1880இல் இறக்கும்வரை, டார்செஸ்டர் நகரை ஒட்டிய ஃபோர்டிங்டன் பங்கின் பாதிரியாராக இருந்தவர். குதிரைப் பந்தயத்தை எதிர்த்துப் பேசி ஊராரின் பகையைத் தேடிக்கொண்ட பிடிவாதக்காரர். 1854இல் அங்கே காலரா வந்தபோது, குடிசைப் பகுதியின் நிலம் அரச குடும்பத்துக்குச் சொந்தம் என்பதால், ராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசருக்கே புகார்க் கடிதங்கள் எழுதினார்.

பிறகு தன் வீட்டு மலக்குழியை மூடிவிட்டு, எல்லோரும் வாளியில் போகட்டும் என்றார். வாளியில் சேர்ந்ததைத் தோட்டத்தில் பள்ளம் வெட்டிப் புதைத்தார். மூன்று நான்கு வாரம் கழித்துத் தோண்டினால் மலத்தின் சுவடே இல்லை. காய்ந்த மேல்மண்ணோடு கலந்தால் நாற்றம் உடனே அடங்குவதையும் கவனித்தார். 1860இல் காப்புரிமை பெற்றார். பலகை இருக்கை, அடியில் வாளி, பின்னால் மண் நிரப்பிய பெட்டி. கைப்பிடியை இழுத்தால் அளவாக மண் விழும். 1868இல் விம்பிள்டன் ராணுவ முகாமில் 148 மண் கழிப்பறைகளை இரண்டாயிரம் பேர் நாற்றமில்லாமல் பயன்படுத்தியதாக ‘லான்செட்’ மருத்துவ இதழ் எழுதியது.

இனி உங்கள் விஷயம். அவர் நாட்டில் துடைத்துக்கொள்வார்கள், நாம் கழுவுகிறோம். கழுவின தண்ணீர் மண்ணில் விழுந்தால் சேறாகி நாறும், புழு வைக்கும். அதனால் கழுவ ஒரு தனி இடம், சிறுநீருக்குத் தனிக் குழாய் வேண்டும். கழுவின தண்ணீரைக் கிணற்றிலிருந்து தள்ளி இருக்கும் வாழைப் பாத்திக்கு விடுங்கள்.

வாளி வேண்டவே வேண்டாம். வாளி என்றால் அதை யாரோ தூக்க வேண்டும். மக்காத மலத்தை மனிதர் அள்ளும்படியான கழிப்பறை நம் நாட்டில் 2013 சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் கேவலம். தரைக்கு மேலே, தண்ணீர் கசியாதபடி அடித்தளம் பூசி, அடுத்தடுத்து இரண்டு அறைகள் கட்டுங்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை கன மீட்டர் கொள்ள வேண்டும். ஓர் அறை நிறைய ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். அதை மூடிவிட்டு அடுத்ததற்கு மாறுங்கள். மூடியது குறைந்தது ஒரு வருஷம் கிடக்கட்டும்.

இங்கேதான் பாதிரியார் தவறினார். ஒரே மண்ணைக் காயவைத்து ஐந்து முறைகூடத் திரும்பப் பயன்படுத்தினார். நாற்றம் போனால் நோயும் போனதாக அக்காலத்தவர் நினைத்தார்கள். நாக்குப்பூச்சி முட்டை அப்படிச் சாகாது. ஒருமுறை போட்ட மண்ணை மறுபடி பெட்டியில் போடாதீர்கள். மக்கியதைத் தென்னை, வாழை மூட்டில் புதைக்கலாம். கீரைக்கும் கிழங்குக்கும் வேண்டாம்.

மண்ணில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஆற்று மணல் உதவாது. அது ஈரத்தையும் நாற்றத்தையும் பிடித்துவைக்காது. களி கலந்த தோட்டத்து மேல்மண்ணைச் சலித்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்காத அளவுக்குக் காயவைக்க வேண்டும். ஒரு தடவைக்கு முக்கால் லிட்டருக்குச் சற்று மேல் என்பது மோல் கணக்கு. நாலு பேருக்கு மாதம் நூறு லிட்டர், அதாவது சிமென்ட் சாக்கில் மூன்று. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஏழெட்டு சாக்கு காய்ந்த மண்ணைக் கூரைக்குள் ஏற்றிவிடுங்கள். நனைந்த மண்ணோடு கார்த்திகையைத் தாண்ட முடியாது.