ஒருமுறை திருட்டுப் போன காம்பராவிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில் வசிக்கிறேன், கோவில் கமிட்டியின் செயலாளராகவும் இருக்கிறேன். சில மாதங்களாக, ஆட்கள் தேயிலை மலைக்கு வேலைக்குப் போயிருக்கும் பகல் வேளையில் லயக் காம்பராக்களை (தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) உடைத்து நகை, பணம், எரிவாயு சிலிண்டர் என்று எடுத்துப் போகிறார்கள். பொலிஸ் பிரிவின் குற்றத் தடுப்புத் திட்டம் என்று சொல்லி, பொலிஸார் பிரட்டுக்களத்தில் (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்தில்) கூட்டம் வைத்து, சமூகப் பொலிஸ் குழு ஒன்றை அமைக்கச் சொன்னார்கள். சேர்ந்தால் ‘காட்டிக்கொடுக்கிறவன்’ என்ற பெயர்தான் மிஞ்சும் என்று ஆட்கள் தயங்குகிறார்கள். இதனால் உண்மையில் திருட்டுக் குறையுமா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சேருங்கள். ஆனால் முதல் மாதத்தில் குழு என்ன வேலை செய்யும் என்பதை நீங்களே முன்கூட்டித் தீர்மானித்துக்கொண்டு சேருங்கள். மலையகப் பொலிஸ் நிலையங்களில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். பிரஜா பொலிஸ் என்று பலரும் அழைக்கும் இந்தக் குழுக்களில் எத்தனையோ குழுக்கள் டோர்ச் லைட், விசில், அடையாள அட்டை, இரவு ரோந்து என்று தொடங்கி, இரண்டாவது மழைக்காலம் வருவதற்குள் கலைந்து போனதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் தோட்டத்தில் திருட்டு நடப்பது பகலில். பகல் திருட்டுக்கு இரவில் காவல் போட்டால், மறுநாள் வேலைக்குப் போகவேண்டியவர்களின் தூக்கம் கெடுவதைத் தவிர வேறெதுவும் நடக்காது.

பொலிஸ் பிரிவின் திட்டம் எப்படி உருவாகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பிரிவு, பொலிஸ் அத்தியட்சகர் அல்லது சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் ஒருவரின் பொறுப்பில் இருக்கும். அதன் கீழ் பல பொலிஸ் நிலையங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பதிகாரி. மலைநாட்டில் ஒரு நிலையத்தின் எல்லைக்குள் பல தோட்டங்கள், ஒவ்வொரு தோட்டத்துக்கும் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று சிதறிக் கிடக்கும் லயங்கள், அவற்றுக்குப் போக வளைந்து ஏறும் பாதைகள் என்றிருக்க, கையிலுள்ள ஆட்களும் வாகனங்களும் எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் போதாது. எனவே எங்கே, எந்த நேரத்தில் ஆள் போடுவது என்று தெரிவு செய்வதுதான் திட்டத்தின் உயிர். அந்தத் தெரிவுக்குப் பொலிஸ் நிலையத்தின் முறைப்பாட்டுப் புத்தகமே அடிப்படை. முறைப்பாடு வராத லயத்தில், புத்தகத்தின் கணக்குப்படி, குற்றமே நடக்கவில்லை.

பொதுவான ரோந்துக்கும் இடமறிந்து செய்யும் ரோந்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஆய்வுகளில் தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் 1972 – 73இல் நடந்த பரிசோதனையில், எங்கும் பொதுவாகச் சுற்றும் வாகன ரோந்தைக் கூட்டியபோதும் நிறுத்தியபோதும் குற்றங்களின் அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. மினியாப்பொலிஸ் நகரத்தை ஆராய்ந்து 1989இல் வெளியான ஆய்வோ, பொலிஸாருக்கு வந்த அழைப்புகளில் ஏறத்தாழ பாதி, நகரத்தின் முகவரிகளில் 3 சதவீதமானவற்றிலிருந்தே வந்தன என்று கண்டது. நம்முடைய தோட்டங்களிலும் திருட்டு இப்படித்தான் ஓரிடத்தில் குவிகிறது என்பது என் அனுபவம்.

ஒருமுறை ஒரு தோட்டத்தின் ஆறு மாத முறைப்பாடுகளை எடுத்து, ஒரு பிரிஸ்டல் அட்டையில் லயங்களையும் பாதைகளையும் கையால் வரைந்து, உடைக்கப்பட்ட ஒவ்வொரு காம்பராவுக்கும் சிவப்புப் புள்ளி வைத்தேன். அதுவரை ‘தோட்டம் முழுக்கத் திருட்டு’ என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். புள்ளிகள் விழுந்ததோ பெரும்பாலும் இரண்டு லயங்களின் கடைசிக் காம்பராக்களில். அந்த லயங்களுக்குப் பின்னால், பிரதான வீதியிலிருந்து தேயிலைக்குள் ஏறிவரும் ஒரு குறுக்குப்பாதை இருந்தது. அதன் இருபுறமும் ஆளுயரத்துக்கு மானாப்புல். கதவுகள் எதிர் லயத்தைப் பார்க்காமல் தேயிலையைப் பார்த்திருந்தன. நாட்களைப் பார்த்தால், சம்பளம் போட்ட மறுநாளும் அதற்கடுத்த நாட்களுமே அதிகம். தோட்ட நிர்வாகத்திடம் பேசிப் புல்லை வெட்டினோம். சம்பள வாரத்தில் மாத்திரம் முற்பகலில் இரண்டு உத்தியோகத்தர்கள் அந்தக் குறுக்குப்பாதையில் கால்மணி நேரம் நின்றுவிட்டு வருவார்கள். அந்தப் பக்கத்துத் திருட்டு அடங்கியது. திருடியவரைக் கடைசிவரை நாங்கள் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிடிப்பதும் தடுப்பதும் வெவ்வேறு வேலைகள். உங்கள் குழுவுக்கு உரியது இரண்டாவது.

இதைவிட முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில், கேர்க்கோல்ட் என்ற குடியிருப்புத் தொகுதியில் 1980களின் நடுப்பகுதியில் வீடுடைப்புகள் மிகுந்திருந்தன. ஆராயப் போனவர்கள், ஒருமுறை உடைக்கப்பட்ட வீடுதான் சில வாரங்களுக்குள் மறுபடியும் உடைக்கப்படும் ஆபத்து மிக அதிகமான வீடு என்று கண்டார்கள். திருடனுக்கு வழி தெரிந்துவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது, எதை விட்டுவந்தோம் என்பதும் தெரிந்துவிட்டது. எனவே தொகுதி முழுவதையும் காவல் காக்க முயலாமல், திருட்டுப் போன வீட்டின் பூட்டையும் கதவையும் உடனே பலப்படுத்தினார்கள். சூழவுள்ள ஐந்தாறு வீட்டாரை மட்டும் அந்த ஒரு வீட்டில் கண் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். திருடர்கள் குறிவைத்த, வீட்டுக்குள்ளேயே காசு போடும் மின்சார, எரிவாயு மீற்றர்களை அகற்றினார்கள். அங்கே வீடுடைப்புகள் சில மாதங்களிலேயே பாதிக்கும் கீழே இறங்கின.

லயத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய காம்பராக்களில் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் எல்லாருக்கும் கேட்கும். பகலில் எல்லாரும் மலைக்குப் போய்விடுவதாகத் தோன்றினாலும், ஓய்வுபெற்ற பெரியவர்கள், கைக்குழந்தைக்காரிகள், தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்தவர்கள் என்று யாராவது இருக்கவே செய்வார்கள். உடைக்கப்பட்ட காம்பராவைச் சுற்றி அப்படிப்பட்ட நாலைந்து பேரைக் குழு அன்றைக்கே கண்டுபிடித்து, ஆறு வாரத்துக்கு அந்தக் கதவைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்க வேண்டும். ஆறு வாரம் என்பது நான் வைக்கும் கணக்கு. அதற்கு மேல் மனிதரின் கவனம் நிற்காது.

கதவையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். நான் பார்த்த பல காம்பராக்களில் நல்ல விலையான ஆமைப்பூட்டு தொங்கியது; ஆனால் அது தொங்கிய கொண்டி, மழையில் ஊறி உளுத்த பலகையில், சிறிய திருகாணி மூன்றால் முறுக்கப்பட்டிருந்தது. திருடன் பூட்டைத் தொடவே இல்லை. திருகாணிகளைக் கழற்றிக் கொண்டியைப் பூட்டோடு ஒருபக்கம் சாய்த்துவிட்டு உள்ளே போயிருந்தான். திருகாணிக்குப் பதிலாகப் பலகையை ஊடுருவிப் போகும் போல்ட் போட்டு, நட்டை உட்பக்கம் முறுக்கினால் அந்த வழி அடைபடும். பலகை மிகவும் உளுத்திருந்தால் பின்னால் ஒரு தகட்டுத் துண்டு வைக்க வேண்டும். கோவில் கமிட்டியில் தச்சுவேலை தெரிந்த ஒருவர் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு லயத்தையே முடித்துவிடலாம். சாவியைக் கூரைத்தகட்டின் இடுக்கில் வைக்கும் வழக்கத்தையும் அன்றோடு விடச் செய்யுங்கள்.

இனி முறைப்பாடு. குறைந்தது பாதிப் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். தனக்கு விளங்காத சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தின் கீழ் கைநாட்டு வைத்துவிட்டு வந்த ஒரு தாய், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டபோது, அவள் தாலிக்கொடி தொலைந்தது ஒரு வரியாகவும், அவளுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இருந்த பழைய தகராறு ஆறு வரியாகவும் இருந்ததை நான் வாசித்துச் சொல்ல நேர்ந்தது. அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உங்களுக்குத் தந்திருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவின்படி, வாய்மூலம் சொல்லப்படும் தகவல் அது சொல்லப்படும் மொழியிலேயே எழுதப்பட்டு, சொன்னவருக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும். உத்தியோகத்தருக்கு அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், முறைப்பாட்டாளர் தம் மொழியில் எழுதிக் கொடுக்கும்படி கேட்கப்பட வேண்டும். அதுவும் இயலாதபோதுதான் வேறு மொழியில் எழுதி, அவருக்கு விளங்கும் மொழியில் விளக்க வேண்டும். ஆகவே குழுவில் கையெழுத்துத் தெளிவான இரண்டு பிள்ளைகளை இதற்கென்றே வையுங்கள். வீட்டைப் பூட்டிய நேரம், திரும்பிய நேரம், உள்ளே வந்த வழி, போன பொருட்கள், சிலிண்டரின் இலக்கம், போனுக்கே உரிய ஐ.எம்.இ.ஐ. அடையாள இலக்கம், நகையணிந்து எடுத்த கல்யாணப் படம் அல்லது பழைய அடகுச் சீட்டு ஆகியவற்றைத் தமிழில் எழுதிக்கொண்டு, பாதிக்கப்பட்டவரோடு ஒருவர் துணைக்குப் போகட்டும். முறைப்பாட்டு இலக்கத்தையும் பக்கத்தையும் கேட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். முறைப்பாட்டை எடுக்க மறுத்தால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கும், அங்கும் பலனில்லையென்றால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம்.

‘காட்டிக்கொடுக்கிறவன்’ என்ற அச்சத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஒரே தண்ணீர்க் குழாயில் பிடித்து, ஒரே கோவிலில் கும்பிடும் சனம், மறுநாளும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டும். இதற்கு நான் கண்ட வழி ஒன்றுதான்: குழுவின் கொப்பியில் எந்த மனிதரின் பெயரையும் சந்தேகநபராக எழுதக்கூடாது, இடம், நாள், நேரம், வழி ஆகியவற்றை மாத்திரமே எழுத வேண்டும். முதல் கூட்டத்திலேயே எல்லார் முன்னிலையிலும் இதைச் சொல்லி, கொப்பியை யாரும் பார்க்கலாம் என்று திறந்து வையுங்கள். கசிப்பு என்ற கள்ளச் சாராயம் காய்ச்சுவது, போதைப்பொருள் விற்பது பற்றிய தகவலைத் தெரிந்தவர் 119க்கோ, கசிப்பானால் மதுவரித் திணைக்களத்துக்கோ நேரடியாகச் சொல்லட்டும். அது குழுவின் வழியாகப் போகவே தேவையில்லை. சாட்சிகளுக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. மிரட்டல் வந்தால் அந்த மிரட்டலையே தனி முறைப்பாடாகச் செய்யலாம்.

குழுவில் ஒரே தொழிற்சங்கத்தின் ஆட்கள் நிறைந்துவிடாமலும், கொழுந்தெடுக்கும் பெண்களும் பிள்ளைக் காம்பராவை (குழந்தைகள் பராமரிப்பு இடத்தை) பார்ப்பவரும் கட்டாயம் இருக்கும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள். லயத்தில் யார் எப்போது வந்து போகிறார்கள் என்பது அவர்களுக்கே நன்றாகத் தெரியும். வீட்டுக்குள் பெண்ணையோ பிள்ளையையோ அடிக்கும் விவகாரத்தை மாத்திரம் குழு கூடி ‘சமாதானம்’ பேசி முடிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்; அதற்குப் பொலிஸ் நிலையத்தின் மகளிர், சிறுவர் பணியகமும், பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கங்களும் இருக்கின்றன.

இன்னொரு எச்சரிக்கை. தன் கண்முன் பாரதூரமான குற்றம் செய்பவரைச் சாதாரண மனிதரும் பிடித்துத் தாமதமின்றிப் பொலிஸாரிடம் ஒப்படைக்கச் சட்டம் இடமளிக்கிறது. அதற்கு மேல், அடிப்பதற்கோ, வீடு புகுந்து சோதிப்பதற்கோ, பையைத் திறந்து காட்டச் சொல்வதற்கோ குழுவுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. கொழும்புக் கடை வேலையை விட்டு வந்து சும்மா நிற்கும் பையன்கள் மீதும், துணி விற்க வரும் வெளியாட்கள் மீதும்தான் முதலில் சந்தேகம் பாயும். லயத்துச் சனம் சேர்ந்து அடித்த ஓர் இளைஞன் அந்தத் திருட்டோடு சம்பந்தமே இல்லாதவன் என்று பின்னர் தெரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவன் குடும்பம் அந்தத் தோட்டத்திலேயே நிலைக்கவில்லை.

வெளிச்சம் இல்லாத சந்துகளுக்குப் பிரதேச சபையிடம் விளக்குக் கேளுங்கள். தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடுவதற்கு இருந்த சட்டத் தடை 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. ‘அது தோட்டத்துக் காணி’ என்ற பழைய பதிலை இப்போது ஏற்கத் தேவையில்லை.

குழு தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதங்களில் பதிவாகும் முறைப்பாடுகள் கூடும். முன்பு சொல்லாதிருந்தவர்கள் இப்போது சொல்வதால் வரும் கூடுதல் அது; அதைப் பார்த்துப் பொறுப்பதிகாரியும் மனம் சோரக்கூடாது, நீங்களும் சோரக்கூடாது. மொத்த எண்ணிக்கையைப் பார்ப்பதற்குப் பதிலாக, ஒருமுறை உடைக்கப்பட்ட காம்பராக்களில் எத்தனை மறுபடி உடைக்கப்பட்டன என்று உங்கள் கொப்பியில் எண்ணுங்கள். பொலிஸ் நிலையத்தின் புள்ளிவிவரம் வேண்டுமானால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, இதுவரை உடைக்கப்பட்ட காம்பராக்களைக் குறித்த ஒரு வரைபடத்தைக் கையில் கொண்டு போங்கள். அதைப் பொறுப்பதிகாரியின் முன் விரித்து, உதாரணமாக, சம்பள வாரத்தில் புள்ளிகள் குவிந்திருக்கும் பாதையில் முற்பகல் பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையே கால்மணி நேரம் ஆள் நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். இடமும் நேரமும் குறித்துக் கேட்டால், எந்த நாளில் யாரை அனுப்புவது என்று அவர் அங்கேயே சொல்லிவிடலாம்.