சந்தேகமே வராத வரலாறு

அன்புள்ள ஐயா,

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து மதுரைக்கு வந்து பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பண்டைய ரோம் பற்றிய ஓர் இணையதளத்தைப் பார்க்கச் சொல்லி எங்கள் பேராசிரியை அனுப்பினார். உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மனம் வரவில்லை. காலக்கோடு, வரைபடம், பொம்பெய் தெருவில் நாமே நடப்பதுபோல ஒரு காட்சி, கடைசியில் வினாடி வினா. எல்லாம் அவ்வளவு தெளிவு. எனக்கு ஒரு சந்தேகம்கூட வரவில்லை. நம் பாடப்புத்தகம் ஏன் இப்படி இல்லை? நம் ஊர் வரலாற்றுக்கு ஏன் இப்படி எதுவும் இல்லை? தேர்வுக்கு இதைப் படித்தால் போதுமா?

ஒரு மாணவி

அன்புள்ள தாயி,

தேர்வுக்குப் போதுமா என்பதை உன் பேராசிரியையிடம் கேட்டுக்கொள். பாடப்புத்தகத்தைத் திட்டுவதற்கு ஊரில் ஆள் நிறைய இருக்கிறார்கள், எனக்கு அதில் ஆர்வமில்லை. ஒரு பிள்ளை வரலாற்றைத் திறந்துவைத்து எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தது என்று படிக்கும்போது எனக்கு மனம் நிறைந்துவிட்டது. ஆனால் 'ஒரு சந்தேகம்கூட வரவில்லை' என்று எழுதியிருக்கிறாயே, அதையும் சந்தோஷமாக எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாகவே என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்த விஷயம் அது.

பொம்பெய் எரிமலைச் சாம்பலில் புதைந்தது கி.பி. 79, ஆகஸ்ட் 24 என்று அந்தத் தளம் சொல்லியிருக்கும், வினாடி வினாவில் நீயும் அதையே அமுக்கி மதிப்பெண் வாங்கியிருப்பாய். அந்தத் தேதி எங்கிருந்து வந்தது? அழிவை நேரில் பார்த்த ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி பல வருடம் கழித்து எழுதிய கடிதத்திலிருந்து. அந்தக் கடிதமும் நமக்குக் கிடைப்பது பிற்காலத்துப் பிரதிகளில்தான், பிரதிக்குப் பிரதி தேதி மாறுகிறது. 2018இல் அங்கே ஒரு வீட்டைத் தோண்டும்போது சுவரில் கரியால் கிறுக்கிய ஒரு வரி கிடைத்தது. அதில் இருந்த தேதி நம் கணக்குக்கு அக்டோபர் 17. வருடம் எழுதவில்லை. ஆனால் கரிக்கிறுக்கல் அதிக நாள் நிற்காது, அதனால் அது அழிவுக்குச் சற்று முன்னால் எழுதியதாகத்தான் இருக்கும், அப்படியானால் ஆகஸ்ட் எப்படிப் பொருந்தும் என்று கேட்கிறார்கள். எதிர்த்துப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தச் சண்டைதான் வரலாறு! அதை ஒளித்துவைத்துவிட்டு ஒற்றைத் தேதியை மட்டும் உன் கையில் கொடுத்தால் அது தெளிவு இல்லை, உன்னைச் சின்னப்பிள்ளையாக நடத்துவது.

நம் ஊருக்கு எதுவுமே இல்லை என்கிறாயே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்துக்குள் ஒரு தடவையாவது போயிருக்கிறாயா? சரி, அதை விடு. மேலூர்ப் பக்கம் என்கிறாய், பழைய தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கும் மாங்குளம் மலைக்குப் போயிருக்கிறாயா? அரிட்டாபட்டிக்கு அடுத்துத்தானே இருக்கிறது. டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று 2025 ஜனவரியில் உங்கள் பக்கத்து ஜனங்கள் மதுரைக்குத் திரண்டு வந்தபோது இந்தக் கல்வெட்டுகளைப் பற்றித்தானே மேடைக்கு மேடை பேசினார்கள்.

அந்தக் கல்வெட்டுகளின் கதையைக் கேள். ராபர்ட் சீவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி 1882இலேயே அவற்றைப் பார்த்துவிட்டார். பார்த்தாரே தவிர, வாசிக்க முடியவில்லை. பிராமி என்ற அந்தப் பழைய எழுத்து என்றால் மொழி வடக்கத்திப் பிராகிருதமாகத்தான் இருக்கும் என்று அப்போது ஒரு நினைப்பு. 1924இல் கல்வெட்டு அறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர், இதில் ழ, ள, ற, ன எல்லாம் இருக்கிறதே, இது தமிழ் என்று சொன்னார். அதற்கப்புறமும் நாற்பது வருடம் போய்தான், 1965இல், இன்னொரு கல்வெட்டு அறிஞரான ஐராவதம் மகாதேவன் அதே பாறையில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரை வாசித்தார். கணி நந்தாசிரியன் என்ற சமணத் துறவிக்கு நெடுஞ்செழியனின் பணவன், அதாவது பணியாளன், கடலன் வழுதி பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் இடம், அமைத்துக் கொடுத்த செய்தி அது. மகாதேவன் அதற்குப் போட்ட காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு. பொருந்தல், கீழடி அகழாய்வுகளில் தேதிகள் வந்தபிறகு இன்னும் முன்னால் கொண்டுபோக வேண்டும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். கல் மாறவில்லை, எழுத்து மாறவில்லை, பார்த்த கண்கள்தான் மாறின. இதை 'மாங்குளம், கி.மு. 2, சமணம்' என்று ஒரு கட்டத்துக்குள் போட்டு, பக்கத்தில் படமும் போட்டுத் தந்தால் உனக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்?

சின்ன வயதில் ஒரு மலையில் மைப்படி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். பாறையைத் தூரிகையால் துடைத்துக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் அடி அடி என்று அடித்தார் ஒருவர். தாள் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுக்குள் இறங்கியது. அப்புறம் மைப்பொதியால் ஒற்ற ஒற்ற, தாள் கறுத்து, பள்ளத்தில் கிடந்த எழுத்து மட்டும் வெள்ளையாக மேலே வந்தது. ஓரிடத்தில் அவர் கையை நிறுத்திவிட்டு, 'இது எழுத்தா, பாறை வெடிப்பா?' என்று கூட இருந்தவரிடம் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் வெயிலில் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவோ படித்த பெரியவர்கள், ஒரு கீறலுக்கு முன்னால் தெரியாமல் நிற்கிறார்களே என்று எனக்கு அவ்வளவு ஆச்சரியம். வரலாற்றின் மேல் எனக்குப் பிடிப்பு வந்தது அங்கேதான்.

அந்தத் தளத்தை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை, தாராளமாகப் பார். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் 'இதை யார் பார்த்தது, எதை வைத்துச் சொல்கிறார்கள்' என்று நோட்டில் ஒரு கேள்வி எழுது. பதில் அந்தப் பக்கத்திலேயே இல்லையென்றால் உன் பேராசிரியையை விடாதே.

அப்புறம் மாங்குளத்துக்குப் போ. தோழிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே போய்விடு, வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்துக் கண்ணுக்குப் பிடிபடும். உச்சிவெயிலில் பாறைதான் தெரியும். தெரியவில்லையே என்று சாக்பீஸை எடுத்து எழுத்தின்மேல் தேய்த்துவிடாதே. அப்படித் தேய்த்தவர்கள் வெடிப்பையும் எழுத்தாக்கிவிடுகிறார்கள், பின்னால் வருகிறவன் அதைத்தான் வாசிப்பான்.